பிரித்துக் கட்டும் வீடு

கொல்லிமலையின் பழைய வீடு எதுவும் நூறாண்டு நிற்க வேண்டும் என்று கட்டப்பட்டதில்லை. புல் மக்கும், நார் இற்றுப்போகும், மண்ணுக்குள் இறங்கிய காலைக் கரையான் தின்னும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து வேய்ந்தார்கள். தேவைப்பட்டபோது சுவரைத் தட்டிவிட்டு மூங்கில் பிளாச்சுகளை மாற்றினார்கள். ஒரு தலைமுறைக்குள் வீட்டின் பெரும்பகுதி புதிதாகிவிடும். இந்த நிலையாமையைக் குறை என்றே நாம் படித்திருக்கிறோம். அரசின் கணக்கில் அது குடிசை, மாற்றப்பட வேண்டியது. ஆனால் அந்த மக்கும் வீடுதான் மலையின் தொழிற்பள்ளியாக இருந்தது என்பது என் துணிபு. வீடு மாறியபோது பள்ளியும் மூடப்பட்டது. மூடியதை யாரும் குறித்து வைக்கவில்லை.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது கொல்லிமலை. காரவள்ளியில் தொடங்கும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டுக்கு ஏறுகிறது. இன்று சிமெண்டும் கம்பியும் சாலை வழியாக லாரியில் வருகின்றன. சாலை இல்லாத காலத்தில், இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் வீடு கட்டக் கீழ்நாட்டிலிருந்து தேவைப்பட்டது பெரும்பாலும் இரும்பு மட்டும்தான்: கோடாலி, கொடுவாள், உளி, வாய்ச்சி. மற்றவை எல்லாம் தோளில் சுமந்து வரக்கூடிய தூரத்திலேயே இருந்தன.

அந்த வீட்டைத் தாங்குவது மரச்சட்டகம், சுவர் அல்ல. நடுவரிசைக் கால்கள் உயரமானவை. அவற்றின் தலையில் மோட்டுவளை கிடக்கிறது. ஓரத்துக் கால்கள் குட்டையானவை. அவற்றின் மேல் நீளவாட்டில் விட்டங்கள். மோட்டுவளையில் தொடங்கி விட்டத்தின் மேல் அமர்ந்து இறவாணம் வரை இறங்குபவை கைமரங்கள். கைமரங்களுக்குக் குறுக்கே மூங்கில் வரிச்சு, வரிச்சின் மேல் புல். கூரையின் பாரம் வரிச்சிலிருந்து கைமரத்துக்கும், கைமரத்திலிருந்து வளைக்கும் விட்டத்துக்கும், அங்கிருந்து காலுக்கும் இறங்கி மண்ணைச் சேர்கிறது. சுவர் என்பது கால்களுக்கு இடையே மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி இருபுறமும் மண் அப்பிய மறைப்பு. அதனால்தான் சுவர் முழுவதையும் தட்டி எடுத்தாலும் வீடு அசையாமல் நிற்கும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை வாங்கும் மலை இது. கூரைச் சாய்வு குறைந்தால் புல் நீரைக் குடித்து அழுகிவிடும்; எனவே 45 பாகையை ஒட்டிய சரிவு தேவைப்படுகிறது. அடுப்புக்கு மேலே பரண். அங்கே ஏறும் புகை விதைக் கதிர்களை வண்டு அண்டாமல் காக்கும், மூங்கிலையும் கூரைப்புல்லையும் சேர்த்துக் காக்கும்.

இவ்வளவையும் ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். இதைப் படித்து யாரும் ஒரு கூரையைத் தூக்கி நிறுத்த முடியாது. தன் வீட்டையும் ஊரில் பலருடைய வீடுகளையும் கட்டிய மலையாளிப் பெரியவர் ஒருவரோடு வேலை செய்தபோதுதான் எழுத்துக்கும் வேலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது எனக்கு விளங்கியது. அவர் சட்டகத்தில் தொடங்கவில்லை. கொடுவாளையும் ஒரு மூங்கிலையும் கையில் கொடுத்துப் பிளக்கச் சொன்னார். மூங்கிலை நெடுக இரண்டாகப் பிளக்கும்போது பிளவு நடுவிலேயே ஓடாது. மெலிந்த பக்கம் பார்த்து விலகும். விலகியபின் கொடுவாளை எவ்வளவு அழுத்தினாலும் அது திரும்பாது. “தடிச்ச பக்கத்த அமுக்கு தம்பி, பொளவு திரும்பும்” என்றார். தடித்த பாதியைச் சற்றே வளைத்துப் பிடித்தால் பிளவு மெல்ல நடுவுக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு வளைப்பது, எந்தக் கணத்தில் விடுவது என்பதற்கு அளவு ஏதும் இல்லை. மூங்கிலின் முறுக்கம் உள்ளங்கைக்கு வந்து சேரும். அதைக் கேட்டு விரல் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் அந்தப் பேச்சு புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது மரம் பார்ப்பது. காலுக்கு உகந்த மரம் தலையில் கவை விரிந்தது. கவட்டில் நார்கள் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்திருக்கும். உளியால் வெட்டிய பள்ளத்தைவிட இயற்கையாக அமைந்த கவை பாரத்தை நன்றாக ஏந்தும். பட்டையை உரித்தே தீர வேண்டும், இல்லையென்றால் அதன் அடியில் வண்டு குடியேறும். வைரம் பாய்ந்த மரத்தைக் கரையான் எளிதில் தொடாது. மாவுச்சத்து தங்கியிருக்கும் வெளிமரத்தைத்தான் அது முதலில் தின்னும். மூங்கிலையும் அந்த மாவுச்சத்துக்காகவே வண்டு துளைக்கிறது. மழை ஓய்ந்த குளிர்மாதங்களில், தேய்பிறையில் மூங்கில் வெட்டும் வழக்கம் இதை அனுபவத்தால் அறிந்தவர்களுடையது. காலை நடும்போது மரத்தின் அடிப்பக்கம் கீழே இருக்க வேண்டும். நட்டவுடன் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் வீடு சதுரம்.

கவையும் நாரும் போதாத இடங்களில், கதவு நிலையிலும் திண்ணைத் தூணிலும், உளிவேலை வருகிறது. ஒரு மரத்தில் துளை, மற்றொன்றில் அதற்குள் புகும் கழுந்து. இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது இரும்பாணி அல்ல, மர ஆணி. மரம் காயும்போது நீளவாட்டில் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அகலவாட்டில் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை அறிந்த தச்சர் சட்டத்தைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டுவார், ஆணியை மட்டும் நன்றாகக் காயவைப்பார். பச்சைமரம் சுருங்கச் சுருங்க ஆணியை இறுக்கிப் பிடிக்கும். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஆணிக்காகத் தூணில் போட்ட துளையும் கழுந்தில் போட்ட துளையும் நேராக இருக்கக் கூடாது. கழுந்தின் துளை அரை நூலோ ஒரு நூலோ, கழுந்து தொடங்கும் தோள் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். ஆணி இறங்கும்போது அந்த இடைவெளியைச் சரிசெய்ய முயன்று இரண்டு மரத்தையும் இழுத்துச் சேர்த்துவிடும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தள்ளியது குறைந்தால் பிடிப்பு வராது, கூடினால் ஆணி முறியும். வேங்கைக்கு ஒரு கணக்கு, பலாவுக்கு வேறு கணக்கு. கொட்டாப்புளியின் ஓசை மாறுவதிலிருந்து ஆணி எங்கே நிற்கிறது என்று அறிகிறார்கள்.

செய்து கற்பதன் தன்மை இங்கேதான் தெளிகிறது. பள்ளிப் பாடத்தில் தவறுக்கும் அதன் விளைவுக்கும் நடுவில் ஒரு தேர்வு, ஒரு மதிப்பெண், பல மாதங்கள் இருக்கின்றன. மரவேலையில் எதுவும் இல்லை. பொருள் உடனே பதில் சொல்கிறது, யாருக்கும் இரக்கம் காட்டாமலும் யாரையும் அவமதிக்காமலும் சொல்கிறது. ஆசானின் வேலை அந்தப் பதிலைக் காதில் வாங்கும்படி மாணவரை நிறுத்துவது. அதற்கு இருவரும் ஒரே மரத்தின் இரு முனையில் நிற்க வேண்டும். அப்படி நிற்க ஒரு வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சமவெளியில் தச்சு ஒரு குலத்தின் தொழில். தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது, வெளியே அதிகம் கசியவில்லை. தன்னை விஞ்சிய மகன்மேல் உளியைத் தவறவிட்ட கேரளத்துப் பெருந்தச்சன் கதை அந்தப் பூட்டிய அறிவின் துயரத்தைத்தான் சொல்கிறது. மலையில் நிலைமை வேறு. வீடு கட்டத் தெரிவது உழத் தெரிவதைப் போல எல்லோருக்கும் உரியதாக இருந்தது. ஒரு கூரையைப் பிரித்தால் ஊரே வந்து சேரும். வீட்டுக்காரர் சோறு போடுவார். பிள்ளைகள் புல்கட்டு எடுத்துக் கொடுப்பார்கள், இளவட்டங்கள் வரிச்சு கட்டுவார்கள், மோட்டில் பிடிப்பு அறிந்த மூத்தவர் உட்கார்ந்திருப்பார். பெண்கள் மண் குழைத்துச் சுவர் அப்பி, சாணமிட்டு மெழுகுவார்கள். வெடிக்காத சுவருக்கு எந்த மண்ணில் எவ்வளவு வைக்கோல் சேர வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு நாம் இன்றுவரை ஒரு தொழிலின் பெயர்கூடக் கொடுக்கவில்லை. பத்து வயதில் புல் தூக்கியவர் முப்பது வயதுக்குள் ஊரின் எத்தனையோ வீடுகளில் எல்லா வேலையும் தொட்டிருப்பார். வீடு மக்கியது, அதனால் வேலை திரும்பத் திரும்ப வந்தது, அதனால் கை தேர்ந்தது.

இந்த உண்மையை ஜப்பானியர் ஒரு சடங்காகவே ஆக்கியிருக்கிறார்கள். மியே மாநிலத்தில் உள்ள இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள், பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கி.பி. 690இல் தொடங்கிய வழக்கம் இது. 62ஆம் முறை 2013இல் நடந்தது. இருபது வயதில் மரம் தூக்கக் கற்றவர் நாற்பதில் உளி பிடித்து வேலை நடத்துவார், அறுபதில் மேற்பார்வை பார்ப்பார். இசேயில் ஆயிரம் ஆண்டுப் பழமையான தூண் கிடையாது. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கை இருக்கிறது. நம்மிடம் இதற்கு எதிரான செல்வம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனை மரவேலையின் உச்சம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கேரளத்து மரவீடுகளையும் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மரச்சட்டகம் என்பதால்தான் அப்படிப் பிரித்துப் பூட்ட முடிந்தது. இரண்டும் போற்றத்தக்கவை. ஆனால் காக்கப்பட்ட வீடு பார்ப்பவரை உருவாக்கும். கட்டப்படும் வீடுதான் கட்டுபவரை உருவாக்கும்.

பிரான்சில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். பர்கண்டிப் பகுதியில் கெதலோன் என்ற இடத்தில் 1997 முதல் ஒரு கோட்டையைக் கட்டி வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் முறையில், அந்தக் காலக் கருவிகளைக் கொண்டு. கோட்டை யாருக்கும் தேவையில்லை. கட்டக் கற்பதே நோக்கம். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தின் ஓக் மரக் கூரைச் சட்டகம் எரிந்து விழுந்தது. அதைப் பழையபடி கோடாலியால் செதுக்கிக் கட்ட இன்று யாரால் முடியும் என்ற கேள்வி எழுந்தது. 2020 செப்டம்பரில் தச்சர்கள் பேராலயத்தின் முன்பே ஒரு கூரைச் சட்டகத்தைக் கைக்கருவிகளால் செய்து நிறுத்திக் காட்டினார்கள். கெதலோனில் கை தேர்ந்தவர்களும் அந்தப் பெரும் வேலையில் சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது. பயன் என்ன என்று கேட்கப்பட்ட வேலைதான், தேவை வந்த நாளில் தயாராக நின்றது.

இனி எதிர்ப்பக்கத்தின் நியாயம். புல்கூரை பற்றிப் பேசும் தமிழர் யாரும் 2004 ஜூலை 16ஐத் தாண்டிப் போக முடியாது. கும்பகோணத்துப் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். தீக்கு அஞ்சிப் புல்லை விட்டு வெளியேற விரும்பும் தாயிடம் மரபு பேச யாருக்கும் தகுதியில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கான்கிரீட் கூரை மரியாதையும்கூட. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்க முனைகிறது. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். இந்த நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. மலைமக்கள் நம் கண்ணுக்கு அழகாகப் புல்லின் கீழ் வாழ வேண்டும் என்று ஆசைப்படுவது கொடுமை.

ஆனால் நாம் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாக்கி, ஒன்றாகவே தூக்கி எறிந்துவிட்டோம். எரிவது புல். சட்டகம் வேறு. அதே மோட்டுவளை, அதே விட்டம், சாய்வையும் கைமர இடைவெளியையும் கணக்கிட்டு அமைத்தால் ஓட்டைத் தாங்கும். குமரியிலும் கேரளத்திலும் தலைமுறைகளாகத் தாங்குகிறது. கூரைப்பொருளை மாற்றியிருக்கலாம், கட்டும் முறையையே கைவிட்டோம். விளைவு, கட்டிடத்தின்மேல் ஊருக்கு இருந்த அதிகாரம் போயிற்று. கைமரம் இற்றால் அண்டை வீட்டாரை அழைத்து ஒரே நாளில் மாற்றிய ஊர், தளம் கசிந்தால் கீழிருந்து கொத்தனார் வரும்வரை காத்திருக்கிறது.

கற்பிக்கத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சியும் 15,000 ரூபாய்க்குக் கருவிகளும் தருகிறது. குடும்பத் தொழிலையே பார்க்கும் நிபந்தனையைக் காரணம் காட்டித் தமிழக அரசு அதை மறுத்து, அந்த நிபந்தனை இல்லாத கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறப்பைக் கேட்காமல் தொழில் கற்பிக்க வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு சரியானது. மலையின் வழக்கமும் அதுவே. ஆனால் கருவியும் கடனும் மட்டும் தச்சரை உருவாக்காது. ஐந்து நாளில் உளியைத் தீட்டப் பழகலாம். ஒரு சட்டகத்தைத் தொடக்கத்திலிருந்து மோடு வரை ஏற்றிப் பார்த்தால்தான் சட்டகம் கைவசமாகும்.

மரம் எங்கே என்ற கேள்வியும் உண்டு. காட்டில் கோடாலி வைக்கச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப் பொருளாக ஏற்று அதன் உரிமையைப் பழங்குடியினருக்குத் தருகிறது. கட்டிடத்துக்கான மரங்கள் அதில் இல்லை. ஆனால் கொல்லிமலையின் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏறுவதற்கும் காப்பிக்கு நிழலுக்கும் நட்ட சில்வர் ஓக் வரிசை வரிசையாக நிற்கிறது. மலையின் பெயர் சொல்லும் பலாவும் இருக்கிறது. பலாவின் வைரம் தூணுக்கு ஏற்றது. சில்வர் ஓக் மழையில் நனையாத இடத்துக்கு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்த பிறகு கைமரமாகலாம். மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வாங்குவது உழவருக்குச் சுமை. தன் தோட்டத்து மரத்தைத் தன் ஊரின் பொதுக் கட்டிடத்துக்குக் கொடுப்பவருக்கு அந்த அனுமதியை எளிதாக்கலாம்.

அழியும் ஒன்றைக் காக்கும் வழிக்கு இந்த மலையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மரவள்ளி பரவியபோது கொல்லிமலையில் சிறுதானிய நிலம் சுருங்கியது. சாமை, தினை, கேழ்வரகு வகைகள் அழியாமல் இருக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து இங்கே உழவர்களோடு பணி செய்தது. அந்தப் பணியின் அடிப்படை எளியது: விதையைக் குளிர்பெட்டியில் மட்டும் வைத்தால் போதாது, ஆண்டுதோறும் அதே மண்ணில் விதைக்க வேண்டும். கைத்தொழிலும் விதையைப் போன்றதே. ஆவணப்படமும் அளவெடுத்த வரைபடமும் நல்லவை, ஆனால் அவை முளைக்காது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. கொல்லிமலையில் நாடு எனப்படும் ஊர்த்தொகுதிகள் 14 இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் ஒரே ஒரு பொதுக் கட்டிடம் — விதைக் களஞ்சியமோ, படிப்பகமோ, சந்தைக் கொட்டகையோ — மரச்சட்டகமும் ஓட்டுக்கூரையுமாக எழ வேண்டும். முறையான பொறியாளரின் கணக்கோடும், உள்ளூர் மூத்தவர்களின் தலைமையிலும், கூலி பெறும் இளைஞர்களின் கையாலும் எழ வேண்டும். பெண்களின் மண்வேலைக்கும் அதே கூலி வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த அணி அதன் ஒரு பகுதியைப் பிரித்துப் பார்த்துத் திருத்திக் கட்ட வேண்டும். 360 சதுர அடி வீடுகள் தம் வழியில் எழட்டும்; இந்தப் பதினான்கும் மலையின் பள்ளிகளாக நடக்கட்டும். இவற்றில் கற்ற இளைஞர்கள் நாளை தங்கள் வீட்டை எதனால் கட்டுவது என்பதை வேறு வழியில்லாததால் அல்ல, தெரிந்து தேர்ந்தெடுப்பார்கள்.

இது மலைக்கு மட்டும் உரிய பேச்சும் அல்ல. உங்கள் ஊரிலும் உத்திரம் ஏற்றத் தெரிந்த ஒரு முதியவர் இருப்பார்; வேலை வராததால் உளியைத் துடைத்து வைத்திருப்பார். அவரிடம் பேட்டி எடுக்கப் போகாதீர்கள். திண்ணைக்கு ஒரு கூரையோ மாட்டுக்கு ஒரு கொட்டகையோ, அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அவரோடு மரத்தின் மறுமுனையைப் பிடிக்க இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள்.